பழைய புல்லட்டின் முன்சக்கரப் பேரிங்: அடி எந்த வளையத்தில் விழ வேண்டும்?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதன் சாரம் இது: அப்பா ஓட்டிய 1978-ஆம் ஆண்டு புல்லட் 350 வண்டியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்சக்கரத்திலிருந்து மாவு மில் ஓடுவதைப் போன்ற இரைச்சல் வருகிறது, ஹேண்டிலும் லேசாக ஆடுகிறது, பேரிங் போய்விட்டது, சுத்தியால் தட்டினால் வந்துவிடும், அரை மணி நேர வேலை என்று மெக்கானிக் சொல்கிறார், அடுத்த மாதம் அதே வண்டியில் ஏலகிரி மலைக்குப் போக நினைக்கிறீர்கள், இந்த வேலையை நீங்களே செய்யலாமா, செய்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் இது அரை மணி நேர வேலை அல்ல. முதன்முறை செய்பவர் ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். வேலூரில் 35 ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய வண்டிகளோடு பழகியதில், ஓடித் தேய்ந்த பேரிங்கைவிட, மாட்டும்போதே அடிபட்டுக் கெட்ட பேரிங்கைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். புதுப் பேரிங் போட்டும் ஆறு மாதத்தில் சத்தம் திரும்பிவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் பேரிங் செய்தவரைத்தான் குறை சொல்கிறார்கள். காரணமோ பெரும்பாலும் சுத்தி விழுந்த இடத்தில் இருக்கிறது.

முதலில், குற்றம் உண்மையில் பேரிங்கினுடையதுதானா என்பதைப் பார்த்துவிடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்குங்கள். முன் பிரேக் கேபிளை நன்றாகத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தை ஒரு கையால் சுழற்றி, மறு கையின் விரல்களை ஃபோர்க்கின் (சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களின்) அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். கெட்ட பேரிங் காதில் கேட்பதற்கு முன்பே விரலில் தெரியும். மணலை அரைப்பதைப் போன்ற ஒரு நறநறப்பு இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் 'சர்' என்று உரசினால் அது பேரிங் அல்ல, வட்டம் குலைந்த ட்ரம்மில் (பிரேக் கட்டைகள் அழுந்தும் கிண்ணத்தில்) பிரேக் கட்டை உரசும் ஒலி. அடுத்ததாக, டயரின் மேல்பகுதியை ஒரு கையாலும் ஃபோர்க்கை மறு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அசையுங்கள். பிரேக் கட்டைகளைத் தாங்கும் பிரேக் பிளேட் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது கீழ்க்குழாய் மேல்குழாயின் மீது 'டக்' என்று ஆடினால் அது ஃபோர்க் புஷ், அதாவது அந்தக் குழாய்களுக்கு இடையிலுள்ள வளையம். ஃபோர்க் முழுவதும் ஹேண்டில் கழுத்திலிருந்தே ஆடினால் அது கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங். நீங்கள் சொல்லும் ஹேண்டில் ஆட்டத்துக்கு இந்த மூன்றில் ஒன்றோ, இரண்டு சேர்ந்தோ காரணமாக இருக்கலாம். பல ஆண்டுகள் நின்றுபோன வண்டியில் இரைச்சலும் நறநறப்பும் சேர்ந்து இருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து குண்டுகள் துருப்பிடித்திருக்கின்றன என்று துணிந்து சொல்லலாம்.

இனி ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், உள்ளே என்ன இருக்கிறது என்பதை மனத்தில் படமாக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் இது புரிந்துவிட்டால் மீதி வேலையில் பாதி தானாகவே விளங்கிவிடும். ஹப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிவளையம், ஒரு உள்வளையம், இடையே குண்டுகள். வெளிவளையம் ஹப்பின் துளையில் இறுக்கமாக உட்கார்ந்து சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. உள்வளையம், சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் மீது வழுக்கிப் போகும் அளவுக்கு இலகுவாக இருந்து, ஆக்சிலோடு அசையாமல் நிற்கிறது. இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவே, ஆக்சிலைச் சுற்றி ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. ஸ்பேசர், டிஸ்டன்ஸ் பீஸ் என்று பட்டறைகளில் அதற்குப் பெயர். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த விசை ஒரு பக்க உள்வளையத்திலிருந்து குழாய் வழியாக மறுபக்க உள்வளையத்துக்குப் போய்ச் சேர்கிறது; குண்டுகளின் மீது அதில் ஒரு துளியும் விழுவதில்லை. அந்தக் குழாய் இல்லாவிட்டாலோ, அதன் முனைகள் நசுங்கிக் குட்டையாகிவிட்டாலோ, நட்டை இறுக்க இறுக்க இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, குண்டுகளை வெளிவளையத்தின் பக்கச் சுவரோடு சேர்த்து நசுக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேரிங்கும் அதைத் தாங்காது.

இதை நான் கற்றுக்கொண்டது கண்ணமங்கலத்துச் சாலையில்தான். வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டு, 1988-இல், ஒரு பட்டறையில் பேரிங் மாற்றி மூன்று வாரமே ஆகியிருந்த எங்கள் வீட்டுப் புல்லட்டில் அண்ணனும் நானும் வேலூரிலிருந்து ஆரணிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கண்ணமங்கலத்தை நெருங்கும்போது கிரீஸ் கருகும் வாடை வந்தது. அண்ணன் வேகத்தைக் குறைப்பதற்குள் முன்சக்கரம் பாதி இறுகிவிட்டது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் உயிர் தப்பினோம். வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த லாரியில் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தபோது, உள்ளே ஸ்பேசர் குழாயே இல்லை. பழைய பேரிங்கோடு சேர்ந்து அது குப்பைக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து, சக்கரத்தைப் பிரித்தவுடன் நான் செய்யும் முதல் காரியம் அந்தக் குழாயைத் துடைத்து, ஒரு துணியில் கட்டித் தனியே எடுத்து வைப்பதுதான். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

சக்கரத்தைக் கழற்றுவது எளிது. பிரேக் கேபிளையும், ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து போகும் வண்டியானால் அதையும் விடுவியுங்கள். உங்கள் காலத்துப் புல்லட்டில் ஆக்சிலை ஃபோர்க்கின் அடியில் இரு பக்கமும் மூடிகள் கவ்விப் பிடித்திருக்கும். அவற்றின் நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கீழே இறங்கிவிடும். எந்த மூடி எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்தது என்று குறியிட்டு வையுங்கள். இங்கிலாந்தின் ரெட்டிட்ச்சில் உருவான வடிவத்தில், 1955 முதல் சென்னையில் செய்யப்பட்ட வண்டியின் வழித்தோன்றல் இது. ஆகவே நட்டுகள் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். பிரேக் பிளேட்டை எடுக்கும்போது உள்ளே படிந்திருக்கும் தூளை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பேரிங்கைத் தட்டுவதற்கு முன் அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பாருங்கள். சில ஹப்புகளில் சர்க்கிளிப் (காடியில் பொருந்தும் வளையக் கம்பி) இருக்கும், சிலவற்றில் மரையுள்ள வளையம் இருக்கும், சிலவற்றில் வெறும் இறுக்கம் மட்டுமே இருக்கும். பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் ஒரு பக்க வளையம் இடது மரை கொண்டது. அது தெரியாமல் வழக்கமான திசையில் பலங்கொண்டு திருகியவர்கள் ஹப்பையே இழந்திருக்கிறார்கள். அழுக்கை மண்ணெண்ணெயில் கழுவி, மரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

பழைய பேரிங்கை வெளியே எடுக்க, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, ஸ்பேசர் குழாயைச் சற்றே ஒரு பக்கமாக ஒதுக்கினால், தூரத்துப் பேரிங்கின் உள்வளைய விளிம்பு கொஞ்சம் தெரியும். அந்த விளிம்பில் ஒரு தட்டு, நேர் எதிரே ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் தட்டினால் பேரிங் சாய்ந்து, ஹப்பின் துளையைச் சுரண்டிக்கொண்டு வரும். அதன் பிறகு எந்தப் புதுப் பேரிங்கும் அங்கே இறுக்கமாக நிற்காது. இங்கே அடி உள்வளையத்தில் விழுந்து குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகிறது, அதனால் குண்டுப்பாதையில் பள்ளம் விழுந்துவிடும். வெளியே எடுக்கப்பட்ட பேரிங் நன்றாகத் தெரிந்தாலும் அதைத் திரும்பப் போடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். பேரிங் இரும்பு மிகக் கடினமானது, ஆகவே நொறுங்கும் தன்மையுடையது. சுத்தியின் நேரடி அடி பட்டால் சில்லுகள் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். குண்டுகள் உதிர்ந்து வெளிவளையம் மட்டும் ஹப்பிலேயே தங்கிவிட்டால், வெல்டிங் பட்டறையில் அந்த வளையத்தின் உட்புறத்தில் ஒரு சுற்று வெல்டிங் ஓடவிடச் சொல்லுங்கள். அது ஆறும்போது வளையம் சுருங்கித் தானாகக் கழன்று விழும்.

புதுப் பேரிங்கை வண்டியின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பழைய பேரிங்கின் வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். அந்த எண்ணைப் படிப்பது கடினமல்ல. 6203 என்றால், கடைசி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைக் குறிக்கும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17; 04-இலிருந்து அந்த எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது இலக்கம் பேரிங்கின் பருமனைச் சொல்கிறது. ஆகவே 6202 என்பது 15 மி.மீ. உள்விட்டமும் 35 மி.மீ. வெளிவிட்டமும் 11 மி.மீ. அகலமும் கொண்டது, 6302-க்கு உள்விட்டம் அதே 15 தான், ஆனால் வெளிவிட்டம் 42, அகலம் 13. எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் இரு பக்கமும் தகட்டு மூடி. 2 ஆர் எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. வீட்டு மின்விசிறியிலும் கிணற்று மோட்டாரிலும் ஓடுவது இதே வகைப் பேரிங்தான். எனவே தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விற்கும் கடையில் பில்லோடு வாங்கினால், போலிச் சரக்குக்கு இடம் குறையும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஆங்கிலேய வடிவ ஹப்புகளில் அங்குல அளவுப் பேரிங்கும் இருந்திருக்கிறது. 5/8 அங்குல உள்விட்டமும் 1 9/16 அங்குல வெளிவிட்டமும் கொண்ட பேரிங்கை மில்லிமீட்டரில் சொன்னால் உள்விட்டம் 15.88, வெளிவிட்டம் 39.69. கடைக்காரர் கண்ணளவில் பார்த்து 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6203-ஐ எடுத்துக் கொடுக்கக்கூடும். மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆனால் அதை அடித்து ஏற்றினால் ஹப் வெடித்துவிடும், உள்ளே ஆக்சிலும் ஆடும். வெர்னியர் அளவுகோலால் பழைய பேரிங்கையும் ஹப்பின் துளையையும் ஆக்சிலையும் அளந்து, எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரப்பர் மூடியுள்ளதை வாங்குவதே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் கருத்து. பாலாற்று மணல் காற்றிலும் சாலையிலும் எப்போதும் இருக்கிறது; தண்ணீர் பம்பு வைத்து அழுத்தமாக அடித்துக் கழுவும் பழக்கம் அந்த நுண்மணலை ஆக்சில் வழியாக ஹப்புக்குள் தள்ளுகிறது. பழைய முறையில் மூடியில்லாத பேரிங்கும் அதற்கு வெளியே ஃபெல்ட் வாஷரும் (கம்பளி வளையமும்) இருக்கும். ரப்பர் மூடி இருந்தாலும் ஃபெல்ட்டை விட்டுவிடாதீர்கள். புது ஃபெல்ட்டை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் பிழிந்து போட்டால், மணல் மூடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும்.

இனி மாட்டும் வேலை. ஹப்பின் துளையைத் துடைத்து, விளிம்பில் பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் நீக்குங்கள். ஹப் அலுமினியமா இரும்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். 40 மி.மீ. துளையுள்ள அலுமினிய ஹப்பை 70 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.06 மி.மீ. விரியும், இரும்பில் அதில் பாதிதான். பேரிங்கை ஹப் பிடித்திருக்கும் இறுக்கமே பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்குவதால், சூடான அலுமினிய ஹப்பில் குளிர்ந்த பேரிங் கிட்டத்தட்டக் கையாலேயே இறங்கிவிடும். பேரிங்கைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி இரவே ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். ஹப்பைச் சுற்றித் துணியைச் சுற்றி, கொதிக்கும் நீரை அதன் மீது ஊற்றிச் சூடாக்கி, துளைக்குள் ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் பேரிங்கை இறக்குங்கள். கத்திரி வெயில் காலமானால், உச்சி வெயிலில் சக்கரத்தை ஒரு மணி நேரம் போட்டு வைப்பதும் நல்ல உதவி. கேஸ் நெருப்பைக் காட்டாதீர்கள். ஒரே இடம் மட்டும் சூடாகி ஹப் கோணும்.

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. மாட்டும்போது ஹப்பில் இறுக்கமாகப் போவது வெளிவளையம். ஆகவே விசை வெளிவளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், குண்டுப்பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை ஏற்படுத்தும். அன்றைக்குச் சக்கரம் அழகாகச் சுழலும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தப் பள்ளங்களிலிருந்து இரைச்சல் கிளம்பும். இதற்கு மிகச் சிறந்த கருவி ஒரு நீண்ட மரைக்கம்பியும் இரண்டு தடித்த வட்டத் தகடுகளும் நட்டுகளுமே. தகடுகளைப் பேரிங்கின் வெளிவளையத்தைவிட ஒரு மயிரிழை சிறியதாக லேத் பட்டறையில் கடைந்து வாங்கி, உள்வளையத்தைத் தொடாதபடி நடுவே குழித்துக்கொண்டால், நட்டைத் திருகத் திருகப் பேரிங் நேராக உள்ளே போகும். சுத்திக்கு வேலையே இல்லை. அது கிடைக்காவிட்டால் பழைய பேரிங்கின் வெளிவளையத்தைத் தட்டுக்கருவியாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு இடத்தில் கிரைண்டரால் வெட்டு போட்டுவிட்டால் அது துளையில் மாட்டிக்கொள்ளாது.

முதல் பேரிங்கை அதன் படி வரை, அதாவது துளைக்குள் அது முட்டி நிற்கும் விளிம்பு வரை, முழுவதும் இறக்குங்கள். அடிப்பதாக இருந்தால், உட்கார்ந்தவுடன் சுத்தியின் ஒலி மந்தமாக இருந்ததிலிருந்து கணீரென்று மாறும். பிறகு ஸ்பேசர் குழாயை உள்ளே வைத்து, அது நடுவில் நிற்கும்படி ஆக்சிலைச் சொருகிக்கொண்டு, இரண்டாவது பேரிங்கை அதன் உள்வளையம் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். அதற்கு மேல் ஒரு திருகுகூடத் தேவையில்லை. ஆக்சிலை எடுத்துவிட்டு விரலால் தள்ளினால் குழாய் சிரமப்பட்டு நகர வேண்டும். தடதடவென்று ஆடினால் இரண்டாவது பேரிங் இன்னும் இறங்க வேண்டும். அது ஏற்கனவே படியில் உட்கார்ந்துவிட்டது என்றால் குழாய் குட்டையாகிவிட்டது. அப்போது லேத்தில், இரு படிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட 0.1 மி.மீ. நீளமாக, முனைகள் நேராக இருக்கும்படி புதுக்குழாய் கடைந்துகொள்ளுங்கள்.

பேரிங் துளையில் தளர்வாக இருந்தால், துளையைச் சுற்றிக் கூர்முனைப் பஞ்சால் பொட்டுப் பொட்டாக அடித்து இறுக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் புள்ளிகள் சீக்கிரம் தேய்ந்துவிடும், பேரிங்கும் நடுவில் நிற்காது. சிறிய தளர்வுக்குப் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுத்திரவம் போதும். பெரிய தளர்வுக்கு லேத்தில் துளையைப் பெருக்கிப் புஷ் போடுவதே நேரான வழி.

மூடியில்லாத பேரிங்கானால், இரண்டாம் எண் லித்தியம் கிரீஸைக் குண்டுகளுக்கு இடையே விரலால் அழுத்தி நிரப்புங்கள். ஹப்பின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு போதும். முழுவதும் திணித்தால் சூட்டில் இளகி பிரேக் ட்ரம்முக்கு வரும்; மலை இறக்கத்தில் பிரேக் கட்டையில் கிரீஸ் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

சக்கரத்தை ஏற்றிய பிறகு, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆக்சில் நட்டை இறுக்குங்கள். பிரேக் பிளேட் நடுவில் நின்றுகொள்ளும். ஃபோர்க்கின் அடியிலுள்ள மூடிகளின் நட்டுகளை முழுவதும் இறுக்குவதற்கு முன், வண்டியைத் தரையில் இறக்கி ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். அதன் பிறகு இரு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி சிறிது சிறிதாக இறுக்குங்கள். இப்போது ஒரு சோதனை. நட்டு தளர்வாக இருக்கும்போது சக்கரம் இலகுவாகச் சுழன்று, நட்டை இறுக்கியதும் கனத்துப் போனால், குழாய் குட்டை என்றே பொருள். அந்த நிலையில் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், பிரித்துக் குழாயை அளந்து பாருங்கள்.

ஏலகிரிக்கு முன்பாகக் குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு வரை ஒருமுறை போய் வாருங்கள். முன் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டி, நிறுத்தியவுடன் ஹப்பின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்; வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கினாலேயே ஹப் சூடாகும் என்பதால் அங்கே இந்தச் சோதனை பயன்படாது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆக்சில் நட்டையும் மூடி நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.